இலை ஒயின்

பழச்செடியின் பழத்தை விட்டுவிட்டு, அதன் இலை, கொழுந்து, பற்றுக்கம்பி ஆகியவற்றைக் கொதிநீரில் ஊறவைத்து, வடித்த சாற்றில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து நொதிக்கவைத்துச் செய்யப்படும் வீட்டு மதுவகை இலை ஒயின் எனப்படும். திராட்சைக்கொடி, பிளாக்பெரி முட்கொடி, கறுப்பு கரண்ட், ராஸ்பெரி ஆகியவற்றின் இலைகளும் கொழுந்துகளும் இதற்குப் பயன்பட்டுள்ளன. பழச்செடி அல்லாத ஓக், அக்ரூட் (வால்நட்) மரங்களின் இலைகளும் இதே முறையில் ஒயினாக்கப்படுவதுண்டு. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வேரூன்றிய 'நாட்டு ஒயின்' மரபின் ஒரு சிறு கிளை இது. திராட்சைக்கொடியின் கவாத்துக் கழிவிலிருந்து செய்யப்படுவதற்கு 'ஃபாலி' என்று பெயர். இலையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான 'ஃபேய்' என்பதன் திரிபே இது என்று சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் 'ஃபாலி' என்றால் மடமை என்றும் பொருள். இலையிலிருந்து ஒயின் செய்யப் புகுந்தவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் அந்தப் பெயர் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இலை தருவதும் தராததும்

பழுத்த ஒயின் திராட்சையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. அதை நசுக்கி வைத்தாலே போதும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்ககாலாக மாற்றிவிடும். இலையில் அப்படி நொதிக்கக்கூடிய சர்க்கரை அநேகமாக இல்லை. இலை தருபவை வேறு: துவர்ப்பைக் கொடுக்கும் டானின், கொஞ்சம் புளிப்பு, மணம், வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். திராட்சைக்கொடியின் இளந்தளிரில் பழத்தில் உள்ள அதே டார்டாரிக் அமிலம் இருப்பதால், இலை ஒயின்களில் அதுவே உண்மையான ஒயினுக்குச் சற்று நெருங்கி வருகிறது. மற்ற இலைகளுக்கு எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்தால்தான் புளிப்பு நிற்கும்.

எனவே இலை ஒயினில் உள்ள ஆல்ககால் முழுவதும் கடையில் வாங்கிய சர்க்கரையிலிருந்து வருவதே. இருபதாம் நூற்றாண்டு ஆங்கில வீட்டுச் செய்முறைகளில் ஒரு கேலன் நீருக்கு, அதாவது நாலரை லிட்டருக்கு, 3 பவுண்டு சர்க்கரை என்பது பரவலான அளவு. அது 1.36 கிலோகிராம். முழுமையாக நொதித்தால் 14 விழுக்காட்டை ஒட்டிய ஆல்ககால் கிடைக்கும். சாதாரண திராட்சை ஒயினுக்கு இது சமம். சில வேளைகளில் அதைவிடக் கூடுதல். இலை வேலியில் இலவசமாகக் கிடைத்தது. சர்க்கரை கிடைக்கவில்லை. இந்தப் பானம் எப்போது பெருகியது, எப்போது அருகியது என்பதை இலையை வைத்து விளக்க முடியாது. சர்க்கரையின் விலையையும் வரியையும் பங்கீட்டையும் பார்க்கவேண்டும்.

சர்க்கரை மலிந்த காலம்

இங்கிலாந்தில் திறந்தவெளியில் திராட்சை நன்றாகப் பழுப்பது அரிது. ஒயின் கப்பலில்தான் வரவேண்டும். பிரான்சோடு தீராத பகை இருந்ததால் பிரெஞ்சு ஒயின்மீது கடுமையான சுங்கவரி விதிக்கப்பட்டது. 1703ஆம் ஆண்டின் மெத்துவென் உடன்படிக்கை போர்த்துக்கீசிய ஒயினுக்கு பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியை வகுத்தது. இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் போர்ட் ஒயின் நிலைபெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த விலையையும் கொடுக்க முடியாத வீடுகள் தோட்டத்தைப் பார்த்தன.

அதே நூற்றாண்டில் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து சர்க்கரை பெருமளவில் வந்து இறங்கியது. 1700ஐ ஒட்டி ஆண்டுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 4 பவுண்டாக இருந்த நுகர்வு, 1800ஐ ஒட்டி 18 பவுண்டாக உயர்ந்தது. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் கூஸ்பெரி, கரண்ட், செர்ரி, எல்டர் ஒயின்களோடு பர்ச் மரத்தின் நீர், கௌஸ்லிப் பூ, டர்னிப் கிழங்கு ஆகியவற்றிலிருந்து செய்யும் ஒயின்களும் இடம்பெற்றன. கடைசி மூன்றையும் கவனிக்கவேண்டும். இவற்றில் எதுவும் தானாக ஒயினாகும் அளவுக்கு இனிப்பு கொண்டதல்ல. மணமோ சுவையோ உள்ள எதுவும் சர்க்கரையின் துணையோடு ஒயினாகும் என்ற எண்ணம் அப்போதே அடுக்களையில் குடியேறிவிட்டது. அங்கிருந்து இலைக்குப் போவது ஓர் எட்டுதான்.

அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தோற்றதும் மேற்கிந்தியச் சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அந்த இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுச் சர்க்கரையை நிர்வகித்தவர்கள் பெண்கள் என்பதால் இந்தப் போராட்டத்தில் அவர்களின் பங்கு பெரிது. தேநீர்க் கோப்பையைப் பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது. ஆனால் தேநீருக்கு ஒரு கரண்டி போட்ட வீட்டில், ஒயின் ஜாடிக்குப் பவுண்டுக் கணக்கில் போகும்.

1834இல் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை முடிவுக்கு வந்தது. மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னை மாகாணத் தமிழர்களும் அவர்களில் இருந்தனர். 1825இலேயே மொரிசியசு சர்க்கரைக்கு மேற்கிந்தியச் சர்க்கரைக்கு இணையான வரிச்சலுகை கிடைத்திருந்ததால் அது இங்கிலாந்துச் சந்தைக்குத் தடையின்றிப் போயிற்று. ஆங்கிலச் சிற்றூரின் ஒயின் ஜாடிக்கும் தமிழ்நாட்டின் கடலோரத்திலிருந்து கப்பலேறிய குடும்பங்களுக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு உண்டு. சமையல் நூல்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை.

மக்கல்லக்கின் சோதனைகள்

இலை ஒயினை அடுக்களை வழக்கத்திலிருந்து வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் ஜான் மக்கல்லக் (1773–1835). குவெர்ன்சி தீவில் பிறந்த இவர் மருத்துவம் பயின்றவர். புவியியலாளராகவே பெரிதும் அறியப்பட்டவர். ஸ்காட்லாந்தின் நிலவியல் வரைபடத்தை உருவாக்கியவர். ஒயின் செய்யும் கலையைப் பற்றி 1816இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு வேதியியலாளர் சப்தால் எழுதிய ஒயின் நூலின் கோட்பாடுகளை ஆங்கில வீட்டுத் தயாரிப்புக்குப் பொருத்திக்காட்டுவது அதன் நோக்கம்.

நாட்டு ஒயின் திகட்டும் இனிப்பாகவும் மந்தமாகவும் இருப்பதற்கு மக்கல்லக் கண்ட காரணங்கள் இன்றைய பார்வையிலும் சரியானவை. பழத்தைக் குறைத்துச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். நொதித்தல் முடியும்முன் நிறுத்திவிடுகிறார்கள். குறையை மறைக்கப் பிராந்தியை ஊற்றுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திராட்சையில் உள்ள டார்டார் உப்பு இங்கிலாந்தின் தோட்டப் பழங்களில் இல்லை. அதைத் தனியாகச் சேர்க்கவேண்டும் என்றார். பழுக்காத திராட்சைக் காயிலிருந்தும், திராட்சைக்கொடியின் இளந்தளிர், இலை, பற்றுக்கம்பி ஆகியவற்றிலிருந்தும் சர்க்கரை சேர்த்து ஒயின் செய்யலாம் என்ற அவரது முடிவு இந்தத் தர்க்கத்திலிருந்து பிறந்தது. தளிரில் டார்டார் இருக்கிறது. இல்லாதது சர்க்கரை மட்டும். அதை வெளியிலிருந்து கொடுத்தால் மற்றது நடக்கும்.

இந்த யோசனை பிறந்த இடமும் பொருத்தமானதே. ஆங்கிலச் சீமான்களின் தோட்டங்களில் கண்ணாடி வீட்டுக்குள்ளும் வெயில்படும் சுவரோரமும் திராட்சைக்கொடிகள் வளர்ந்தன. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நடப்பட்ட கொடி இன்றும் காய்க்கிறது. இப்படிப்பட்ட கொடியை ஒவ்வொரு கோடையிலும் கவாத்து செய்யாவிட்டால் குலை பெருக்காது. வெட்டிய தளிர் கூடைகூடையாக எருக்குழிக்குப் போயிற்று. பழம் எசமானர் மேசைக்கு, கழிவு தோட்டக்காரர் ஜாடிக்கு என்ற பங்கீட்டில் எவருக்கும் இழப்பில்லை.

மக்கல்லக்கின் காலத்தில் ஈஸ்ட் ஓர் உயிர் என்பது நிறுவப்படவில்லை. சர்க்கரை ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது என்பதை லவாய்சியர் 1789இல் காட்டியிருந்தார். ஆனால் அதைப் பிரிப்பது எது என்பதை லூயி பாஸ்டர் தெளிவுபடுத்த 1850களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வீட்டுப் பெண்கள் வடித்தெடுப்பவரிடம் பியர் நுரையை வாங்கிவந்து, வாட்டிய ரொட்டித் துண்டில் தடவி, ஜாடியில் மிதக்கவிட்டார்கள். விளக்கம் தெரியாமலே முறை சரியாக இருந்தது.

தேயிலையில் குற்றம், ஜாடியில் சிக்கனம்

தோட்டத்து இலையை வேறொன்றாக மாற்றுவது எப்போதும் பாராட்டப்பட்டதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கு இருந்த அதிக வரியால் ஸ்லோ எனும் காட்டு பிளம், எல்டர், சாம்பல் மரம் ஆகியவற்றின் இலைகளைக் காயவைத்து, சாயமேற்றி, தேயிலையோடு கலந்து விற்கும் தொழில் பெருகியது. 1777இல் அதைத் தடைசெய்ய நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. விற்பனைக்குப் போனால் அதே வகை இலை கலப்படம். சொந்த வீட்டு ஜாடிக்குப் போனால் சிக்கனம். விற்பனைக்குச் செய்யும் நாட்டு ஒயினுக்கும் அரசு கலால் வரி விதித்தது. வரி ஏடுகளில் அதற்கு 'இனிப்புகள்' என்று பெயர். ஒரு மதுவை அரசே இனிப்பு என்று பதிந்துவைத்தது, அதில் என்ன இருந்தது என்பதற்கு நல்ல சான்று.

பிரான்சு சொன்ன மறுமொழி

சர்க்கரைநீரில் சுவை சேர்த்தது ஒயினா என்ற கேள்வியை ஆங்கிலேயர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் காப்பாற்ற வேண்டிய திராட்சை விவசாயிகள் இல்லை. பிரான்சில் அதே கேள்விக்காகத் துப்பாக்கிச் சூடு நடந்தது.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயின் தட்டுப்பாட்டில், பிழிந்த சக்கையில் சர்க்கரைநீரை ஊற்றி மறுபடி நொதிக்கவைத்ததும், இறக்குமதியான உலர்திராட்சையை ஊறவைத்துச் செய்ததும் ஒயின் என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. 1889 ஆகஸ்டில் நிறைவேறிய கிரிஃப் சட்டம், புதிய திராட்சையை நொதிக்கவைத்து வருவதே ஒயின் என்று வரையறுத்தது. சட்டம் வந்தும் சர்க்கரை ஒயின் நிற்கவில்லை. ஒட்டுக்கட்டிய புதிய கொடிகள் காய்க்கத் தொடங்கியதும் விலை சரிந்து, லாங்டாக் பகுதி விவசாயிகள் தெருவுக்கு வந்தனர். ஆர்ஜெலியே ஊரின் மார்செலின் ஆல்பெர் தொடங்கிய இயக்கம் 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோரைத் திரட்டியது. பத்து நாள் கழித்து நார்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின. அப்பகுதி மக்களின் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படைப் பிரிவு ஆணையை மீறிக் கலகம் செய்தது. அந்த மாத இறுதியில் வந்த சட்டம் ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி போட்டு, விற்பனையைக் கண்காணித்தது.

இலையை பிரெஞ்சுக்காரர் ஒதுக்கிவிடவில்லை. அதன் இடத்தை மாற்றினார்கள். தென்பகுதியில் கோடை முடிவில் பறித்த பீச் இலையைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் பழச்சாராயமும் சேர்த்து, உணவுக்குமுன் அருந்தும் பானம் செய்வது இன்றும் வீட்டு வழக்கம். வாண்டே பகுதியில் ஸ்லோ முட்செடியின் இளங்கொழுந்து அதேபோல் ஊறவைக்கப்படுகிறது. இவற்றில் நொதித்தது திராட்சை. இலை மணம் மட்டுமே. ஆங்கில முறையில் இலைச்சாறு தானே நொதிக்கும் நீராக இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் சேர்ப்பது சரியல்ல.

எந்த இலை ஆகாது

பழம் உண்ணத் தகுந்தது என்பதால் இலையும் தகுந்தது என்று கொள்ளமுடியாது. செர்ரி, பீச், பிளம் குடும்பத்து இலைகளில் நசுங்கும்போது ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு. வாதுமை மணம் வருவது அந்த வேதிவினையோடு சேர்ந்துதான். அக்குடும்பத்தைச் சேர்ந்த செர்ரி லாரல் இலையை வடித்த நீர் சமையலில் மணத்துக்குப் பயன்பட்டது. அதைக் குடித்து டப்ளினில் நேர்ந்த இறப்புகளைப் பற்றிய அறிக்கை 1731இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1780இல் சர் தியோடோசியஸ் பவுட்டன் என்ற இளைஞர் இதே நீரால் நஞ்சூட்டப்பட்டதாக வழக்கு நடந்து, அவரது மைத்துனர் ஜான் டொனல்லன் மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார். பிரெஞ்சு பீச் பானத்தில் இலையின் அளவும் ஊறும் காலமும் கட்டுப்படுத்தப்படுவதன் காரணம் இதுதான். அளவு தெரியாதவர் கைவைக்கக்கூடாத இலை அது.

ரூபார்ப் செடியின் தண்டு இனிப்புப் பண்டங்களிலும் நாட்டு ஒயினிலும் பயன்படுவது. அதன் இலை நஞ்சு. முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டில் பிரித்தானியாவில் ரூபார்ப் இலையைக் கீரையாக உண்ணலாம் என்று பரிந்துரைக்கப்பட்டு, உண்டவர்கள் நோயுற்றனர், இறப்பும் நிகழ்ந்தது. ஆக்சாலிக் அமிலமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது.

திராட்சை இலைக்கு அப்படிப்பட்ட இடர் இல்லை. கிரேக்கத்திலும் துருக்கியிலும் அரிசியை மடித்து வேகவைக்கும் இலை அது. ஆனால் 1885க்குப் பிறகு வேறொரு சிக்கல் வந்தது. பூஞ்சைநோய்க்கு எதிராக மில்லார்டே அறிமுகப்படுத்திய மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, இலைமேல் நீலப்படலமாகத் தங்கும். பழம் பறித்துத் திருடுவோரை விரட்டச் சாலையோரக் கொடிகளில் தெளித்த கலவையே நோயையும் தடுத்ததை அவர் கவனித்ததுதான் இதன் தொடக்கம். மருந்தடித்த கொடியின் கவாத்து ஜாடிக்கு ஆகாது. செம்பு மிகுந்தால் ஈஸ்ட்டும் செயலிழக்கும்.

பங்கீட்டுக்குப் பின்

1874இல் பிரித்தானியா சர்க்கரை இறக்குமதி வரியை முற்றிலும் நீக்கியதும், ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரை வந்து குவிந்ததும் ஏழை வீடுகளுக்கும் நாட்டு ஒயினை எட்டச்செய்தன. இரண்டாம் உலகப்போர் அதை நிறுத்தியது. 1940 ஜனவரி 8 அன்று சர்க்கரை பங்கீட்டுக்குள் வந்தது. பெரும்பகுதி காலம் ஆளுக்கு வாரம் 8 அவுன்சு, ஏறத்தாழ 227 கிராம். ஒரு கேலன் இலை ஒயினுக்கு ஓர் ஆளின் ஆறு வாரப் பங்கு முழுவதும் போய்விடும். வேலியில் பிளாக்பெரிக் கொழுந்து பதினான்கு ஆண்டுகள் யாரும் தீண்டாமல் முற்றியதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1953 செப்டம்பரில் சர்க்கரைப் பங்கீடு முடிந்தது. அந்த ஆண்டுகளிலேயே ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஆண்டோவர் ஊரில் வீட்டு ஒயின் செய்வோரின் சங்கம் தோன்றியது. உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆசிரியரான சி. ஜே. ஜே. பெர்ரி அதன் மையமாக இருந்தார். இதே பொருளுக்கென ஒரு மாத இதழை நடத்திய அவர், 1960இல் தொடக்கநிலை வழிகாட்டி நூலொன்றையும் வெளியிட்டார். மாதவாரியாக என்ன கிடைக்கும், அதை எப்படி ஒயினாக்கலாம் என்று அடுக்கிய அந்த நூல் லட்சக்கணக்கில் விற்றது.

இந்தத் தலைமுறையின் செய்முறை முன்னோருடையதைவிடத் துப்புரவானது. திராட்சைக் கவாத்து என்றால் மருந்தடிக்காத தளிரும் பற்றுக்கம்பியும் ஏறத்தாழ 5 பவுண்டு எடுத்து, ஒரு கேலன் கொதிநீரில் மூடி ஒரு நாள் வைப்பர். அதற்குமேல் ஊறினால் கசப்பு இறங்கும். வடித்துச் சர்க்கரையைக் கரைத்து, நீர் ஆறியபின் ஒயின் ஈஸ்ட் இடுவர். இலைச்சாற்றில் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் குறைவென்பதால் அம்மோனியம் பாஸ்பேட்டும் சேர்ப்பர். இதைச் சேர்க்காததுதான் பழைய வீடுகளில் பல ஜாடிகள் பாதியில் நின்று இனித்துக் கிடந்ததற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். கரியமில வாயு வெளியேறவும் காற்று உள்ளே புகாமலும் நீர்ப்பூட்டு பொருத்திய கண்ணாடி ஜாடியில் சில வாரம் குமிழியிடும். அடியில் படியும் மண்டியைக் கலக்காமல் தெளிவை வேறு ஜாடிக்கு இறுத்து, மாதக்கணக்கில் ஆறவிடுவர். இளசாகக் குடித்தால் பச்சிலை வாடை தூக்கலாக இருக்கும். ஓராண்டு கழித்து, வெளிர்பொன் நிறத்தில் லேசான துவர்ப்போடு நிற்கும்.

1963 ஏப்ரலில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டில் பியர் வடிப்பதற்கான உரிமக் கட்டாயத்தையும் வரியையும் நீக்கியதும் ஈஸ்ட், ஜாடி, குழாய் எல்லாம் சாதாரணக் கடைகளுக்கு வந்தன. கூடவே டப்பாவில் அடைத்த திராட்சைச்சாற்று அடர்கரைசலும் வந்தது. வெதுவெதுப்பான நீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால் போதும். வேலிக்குப் போகவேண்டாம், இலை கழுவவேண்டாம். பழக்கடையில் பணம் இல்லாததால் பிறந்த இலை ஒயினின் இடத்தை டப்பா பிடித்துக்கொண்டது. 1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தபின் பல்பொருள் அங்காடிகளில் இறக்குமதி ஒயின் எளிதாகக் கிடைக்கத் தொடங்கி, டப்பாவுக்கும் போட்டியாயிற்று.

ஐரோப்பியச் சட்டப்படி அடைமொழி இல்லாத ஒயின் என்ற சொல் திராட்சைக்கே உரியது. பிரித்தானிய வரிச்சட்டம் 2023 வரை மற்றவற்றைத் தனி வகையாகப் பிரித்து 'செய்த ஒயின்' என்று பெயரிட்டிருந்தது. வீட்டுத் தேவைக்குச் செய்து விற்காதவரை அந்த வகைக்கு வரி கட்டவேண்டியதில்லை.